கொக்குக்கு ஒரு லென்ஸ், இருவாச்சிக்கு ஒரு லென்ஸா?

"அண்ணே, கையில நாப்பதாயிரம் இருக்கு. பறவை எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம்?"

கம்பத்திலோ சின்னமனூரிலோ கேமரா பையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கேட்கிற தம்பியிடம் அநேகமாக ஒரு கேனான் 1500டி இருக்கும். அதோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸ் இருக்கும். வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியை அதில் எடுத்துப் பார்த்திருப்பார். திரையில் நீலமாக ஒரு பொட்டு மட்டும் தெரிந்திருக்கும். ஒரு மாடல் பெயரைச் சொல்லி அவரை அனுப்பிவிடலாம்தான். ஆனால் வயக்காட்டுக்குப் பொருந்துகிற லென்ஸ் மேகமலைக் காட்டுக்குள் திணறும். காட்டில் சமாளிப்பது வைகை அணைத் தண்ணீரில் நிற்கும் நாரைக்கு எட்டாது. இந்த மூன்று இடங்களும் காலையில் கிளம்பினால் போய்ச் சேர்கிற தூரத்தில் இருப்பதுதான் தேனி மாவட்டத்துக்காரனின் கொடுப்பினையும் தலைவலியும். ஆகவே இன்னொரு டீ சொல்லிவிட்டு, மாடல் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

கணக்கு சின்னதுதான். பறவையின் நீளத்தை லென்ஸின் மில்லிமீட்டரால் பெருக்குங்கள். வந்ததைப் பறவை இருக்கும் தூரத்தால் வகுங்கள். கேமராவுக்குள் இருக்கும் சென்சார் மீது பறவையின் உருவம் எவ்வளவு பெரிதாக விழும் என்பது கிடைத்துவிடும். நம் வீட்டு முருங்கையில் வந்து உட்காரும் சின்னான் குருவி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். அது 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, கையில் இருப்பது 400 எம்எம் என்றால், சென்சாரில் 8 மில்லிமீட்டருக்கு விழும். 1500டியின் சென்சார் அகலமே 22 மில்லிமீட்டர் சொச்சம். மூன்றில் ஒரு பங்கைக் குருவி அடைத்துக்கொள்கிறது, நல்ல படம். அதே இடத்தில் 250 எம்எம் வைத்தால் 5 மில்லிமீட்டர். 600 வைத்தால் 12.

"அப்ப 600தானே வாங்கணும்?"

அவசரப்படக் கூடாது. 250 எம்எம் லென்ஸோடு அதே சின்னானை 5 மீட்டரில் எடுத்தால் உருவம் 10 மில்லிமீட்டர். 400 கொடுத்ததைவிட இது பெரிது. தூரத்தைப் பாதியாக்குவதும் லென்ஸை இரட்டிப்பாக்குவதும் உருவத்தின் அளவைப் பொறுத்தவரை ஒரே கணக்கு. முதலாவதற்குப் பொறுமையும் முழங்கால் சேறும் போதும். இரண்டாவதற்கு லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பெரிய இருவாச்சி ஒரு மீட்டர் நீளம் வரும். அது 50 மீட்டர் தள்ளி ஒரு மரத்து உச்சியில் உட்கார்ந்திருந்தால், 400 எம்எம் லென்ஸில் அதுவும் சரியாக 8 மில்லிமீட்டர்தான். பத்து மீட்டரில் சின்னானும் ஐம்பது மீட்டரில் இருவாச்சியும் கேமராவுக்குச் சமம். அதனால் 'பறவை எடுக்க லென்ஸ்' என்று பொதுவாகக் கேட்பதில் பாதி கேள்விதான் இருக்கிறது. எந்தப் பறவை, எவ்வளவு கிட்டத்தில் விடும் என்பது மீதிப் பாதி.

5 மில்லிமீட்டர் உருவம் போதுமா என்று தயங்க வேண்டாம். 1500டி ஒரு படத்தின் அகலத்தில் 6000 புள்ளிகளைப் பதிகிறது. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு 270 புள்ளிகள் அளவுக்கு. ஐந்து மில்லிமீட்டர் சின்னானுக்கு 1300க்கு மேல் கிடைக்கும். சுற்றியிருப்பதை வெட்டி எடுத்துப் போனில் பார்த்தால் கண்ணின் வளையம் வரை தெரியும். பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுவதற்கு இதில் பாதி இருந்தாலே போதும். அங்கே இனம் தெரிந்தால் சரி, அழகு பார்ப்பதில்லை. கூடவே ஒரு தப்பெண்ணத்தையும் தள்ளிவிடலாம். "இந்த பாடில 400 போட்டா 640 ஆயிடும்" என்று கடையில் சொல்வார்கள். லென்ஸ் நீளுவதில்லை. சென்சார் சின்னதாக இருப்பதால் ஓரங்கள் வெட்டுப்பட்டு வருகின்றன, அவ்வளவுதான்.

சரி, 600 ஏன் அவ்வளவு விலை? மில்லிமீட்டர் என்பது விலையில் பாதிக் கதைதான். மீதி, முன்னால் இருக்கும் கண்ணாடியின் அகலத்தில் இருக்கிறது. லென்ஸின் மேல் 5.6, 6.3, 11 என்று எழுதியிருக்கும் எஃப் எண்ணால் மில்லிமீட்டரை வகுத்துப் பாருங்கள். ஒளி நுழைகிற வாயின் விட்டம் வரும். 600ஐ 6.3 ஆல் வகுத்தால் 95 மில்லிமீட்டர். சிக்மா 150-600 கன்டெம்பரரி லென்ஸுக்கு 95 எம்எம் ஃபில்டர் போட வேண்டியிருப்பது இதனால்தான். அதன் எடை இரண்டு கிலோவைத் தொடுவதும் இதனால்தான். 600ஐ 4 ஆல் வகுத்தால் 150 மில்லிமீட்டர். ஒரு சாணில் மூன்றில் இரண்டு பங்கு அகலத்துக்கு, பிசிறில்லாத கண்ணாடி. டிவியில் கிரிக்கெட் மைதானத்து ஓரம் பார்க்கிறோமே, அந்த வெள்ளை லென்ஸ். விலை பத்து லட்சத்தைத் தாண்டும். இந்தப் பக்கம் 600ஐ 11 ஆல் வகுத்தால் 55 மில்லிமீட்டர்தான். 2020இல் கேனான் கொண்டுவந்த ஆர்எஃப் 600 எஃப் 11 லென்ஸ் ஒரு கிலோவுக்கும் குறைவாக இருக்கும் ரகசியம் அதுவே.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மடை அகலமாக இருந்தால் வயல் சீக்கிரம் நிறையும், குறுகலாக இருந்தால் காத்திருக்க வேண்டும். சென்சார் நிறையக் காத்திருக்கும் நேரம்தான் ஷட்டர் வேகம். குருவி காத்திருக்காது என்பதுதான் பிரச்சினை.

இப்போது பள்ளத்தாக்குக்கு வருவோம். பெரியாற்றுத் தண்ணீர் லோயர்கேம்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வழியாகப் பழனிசெட்டிபட்டி வரை பாய்கிற இருபோக நெல் வயல்கள் 14,707 ஏக்கர். தண்ணீர் திறந்து உழவு தொடங்கிய வாரங்களில் இங்கே லென்ஸே வேண்டாமோ என்று தோன்றும். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் டிரைவரின் முதுகைத் தொடாத குறையாக நடக்கும். சேற்றில் மடையான் அசையாமல் நிற்கும், அரிவாள்மூக்கன் வரும், வரப்பில் செம்போத்து வரும், கரண்டுக் கம்பியில் பனங்காடையும் பச்சைப் பஞ்சுருட்டானும் உட்கார்ந்திருக்கும். இந்தப் பறவைகளுக்கு மனிதன் புதிதில்லை. மண்வெட்டியோடு போகிறவனைக் கண்டால் அவை பறப்பதில்லை. பறவையை நேராகப் பார்த்துக்கொண்டு, கையில் எதையோ நீட்டியபடி பதுங்கிப் பதுங்கி வருகிறவனைக் கண்டால் பறக்கும். அதனால் பதுங்காதீர்கள். நேராக நடக்காமல் சாய்வாக, வேறெங்கோ போகிறவர்போல நடந்து, இடையில் நின்று, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். கார் இருந்தால் இன்னும் நல்லது. வாய்க்கால் சாலையில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் ஐந்து மீட்டரில் மீன்கொத்தி உட்காரும். கதவைத் திறந்தால் போச்சு.

வெயிலும் இங்கே தாராளம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, எஃப் 5.6 வைத்தால் ஷட்டர் 1/3200 வரை போகும். எஃப் 11 லென்ஸில்கூட 1/800 கிடைக்கும். உட்கார்ந்த பறவைக்கு இது தாராளம், மெல்லப் பறக்கிற கொக்குக்கும் ஏறக்குறையப் போதும். ஒரே ஒரு உள்ளூர்ச் சிக்கல். கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலை. மலையடிவார ஊர்களில் காலை வெயில் தாமதமாக இறங்கும், சாயங்காலம் சீக்கிரமே மேற்கு மலைக்குப் பின்னால் போய்விடும். படமெடுப்பவர்கள் கொண்டாடுகிற அந்தச் சாய்வான பொன்வெயில் சமவெளிக்காரர்களுக்குக் கிடைப்பதைவிட நமக்குக் குறைச்சல். ஆனி, ஆடிக் காற்று வேறு. லென்ஸிலிருக்கும் நடுக்கத்தடுப்பு உங்கள் கை ஆட்டத்தை மட்டுமே சரிசெய்யும். காற்றில் ஆடும் கிளையையும் அதன் மேல் தொங்கும் தூக்கணாங்குருவியையும் அது ஒன்றும் செய்ய முடியாது. அங்கே 1/1000க்கு மேல் வைத்துக்கொள்வதுதான் வழி. பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நுழைந்தால் வெயில் நேரத்திலும் இருட்டு, சொல்லிவிட்டேன்.

வயக்காட்டுக்கு மட்டும் என்றால் 1500டி வைத்திருக்கும் தம்பிக்கு நான் முதலில் சொல்வது கேனான் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். 2013இல் வந்த லென்ஸ். அதில் எஸ்டிஎம் என்ற மூன்று எழுத்தையும் விடாமல் பாருங்கள், அதே பெயரில் பழைய வகைகளும் சுற்றுகின்றன. படத்தில் கூர்மை நன்றாக இருக்கும், எடை நானூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், பழையது வாங்கினால் நாற்பதாயிரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு ஏஎஃப்-பி 70-300 விஆர். அதிலும் விஆர் இல்லாத ஒன்று விற்கிறது, அது வேண்டாம். சில பழைய நிக்கான் பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸ் வேலையே செய்யாது. மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டபுள் ஜூம் கிட் என்று சேர்த்துக் கொடுத்த கேனான் 75-300ஐ நான் யாருக்கும் சொல்வதில்லை. நடுக்கத்தடுப்பு கிடையாது, 300இல் படம் சோர்ந்துவிடும். 250இல் நன்றாக எடுத்ததை வெட்டிக்கொள்வது அதைவிட மேல்.

"250 பத்தலண்ணே, சின்னக் குருவிதான் எனக்குப் பிடிக்கும்" என்பவருக்கு அடுத்த படி 400. தேன்சிட்டு 10 சென்டிமீட்டர்தான். 400 எம்எம்மில் 10 மீட்டரில் எடுத்தாலும் 4 மில்லிமீட்டர்தான் விழும் என்பதை மறந்துவிட வேண்டாம். இந்த வரிசையில் சிக்மா 100-400, டாம்ரான் 100-400 என்று இரண்டும் 2017இல் வந்தவை. இரண்டும் ஒன்றேகால் கிலோவுக்கு உள்ளே, இரண்டுக்கும் 400இல் எஃப் 6.3. பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகலாம், கழுத்தில் தொங்கவிட்டபடி சுருளி அருவி வரை நடக்கலாம். பழையது அந்த நாற்பதாயிரத்தை ஒட்டிக் கிடைத்தால் என் ஓட்டு இதற்குத்தான். கேனானின் புதிய மிரர்லெஸ் பாடி வைத்திருப்பவர்களுக்கு 2021இல் வந்த ஆர்எஃப் 100-400 இருக்கிறது. வெறும் 635 கிராம். ஆனால் அதன் எஃப் எண் 400இல் 8. கணக்குப் போட்டால் வாய் 50 மில்லிமீட்டர். வயலில் ராஜா, காட்டில் கூஜா.

கேனானிலேயே 1993இல் வந்த 400 எஃப் 5.6 எல் என்று ஒரு கிழவன் உண்டு. ஜூம் கிடையாது, நடுக்கத்தடுப்பு கிடையாது. இப்போது தயாரிப்பதுமில்லை. ஆனாலும் பறக்கிற பருந்தைத் துரத்த அதைக் கையில் எடுத்தவர்கள் லேசில் கீழே வைக்க மாட்டார்கள். கை ஆடாதவருக்கு நல்ல பேரம்.

லென்ஸை மாற்றுகிற கேமராவே இல்லாதவர் கேட்டால் என் பதில் வேறு. நிக்கான் பி900, பி950 மாதிரி ஜூம் ஒட்டியே வருகிற கேமராக்கள் இருக்கின்றன. 2015இல் வந்த பி900 83 மடங்கு ஜூம். பெரிய கேமராவின் கணக்கில் 2000 எம்எம்முக்குச் சமம். கண்மாய்க்கு நடுவில் மிதக்கும் முக்குளிப்பான் திரையை நிரப்பும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் விரல் நகத்தளவு. வெயில் இறங்கினால் படம் மண்ணாகும். பறக்கிற பறவை அநேகமாகச் சிக்காது. பறவைகளை அடையாளம் கண்டு பட்டியல் எழுதுகிறவர்களுக்கு இது உத்தமம், படத்தைச் சட்டம் போட்டு மாட்ட நினைப்பவர்களுக்கு ஏமாற்றம். போனில் கிளிப்பாக மாட்டும் 'டெலி லென்ஸ்', 500 எம்எம் மிரர் லென்ஸ் என்று சல்லிசாக விற்பவற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மிரர் லென்ஸில் கையால்தான் ஃபோகஸ். பின்னணியில் வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றும் உளுந்து வடையாகத் தெரியும்.

வைகை அணைக்குப் போனால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். தண்ணீர் வற்றி இறங்கிய மாதங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகங்களும் ஆலாக்களும் கரையிலிருந்து எங்கோ நிற்கின்றன. இடையில் சேறு, நெருங்க வழியில்லை. நெருக்கத்தைக் காலால் சம்பாதிக்க முடியாத இடம் என்பதால் இங்கேதான் 600 எம்எம்முக்கு நியாயம் இருக்கிறது. 2013 கடைசியில் டாம்ரான் 150-600 அறிவிக்கும்வரை ஆட்டோஃபோகஸோடு 600 என்பது சம்பளக்காரர்களுக்கு எட்டாத கனவு. 500 வரைதான் ஜூம்கள் இருந்தன. பிறகு சிக்மா வந்தது, 2015இல் நிக்கான் 200-500 வந்தது, 2016இல் டாம்ரானின் இரண்டாம் பதிப்பு. புதிதாக வாங்கினால் லட்சத்தை ஒட்டி. பழையது ஏறக்குறைய பாதியிலிருந்து முக்கால் வரை. மிரர்லெஸ்ஸுக்கான சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 எல்லாம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும். அவை இந்தப் பேச்சுக்கு வெளியே.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். அணைக்கட்டில் பத்து மணிக்கு மேல் தூரத்தில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். சூடான தரையிலிருந்து காற்று அலையலையாக எழும்பிக்கொண்டிருக்கும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் நாரையின் இறகுகள் கரைந்ததுபோல வரும். லென்ஸை மாற்றினாலும் அது தீராது, பத்து லட்ச ரூபாய் லென்ஸிலும் தீராது. "லென்ஸ் ஃபோகஸ் அவுட்" என்று சர்வீஸுக்கு அனுப்புகிறவர்களில் பலருடைய பிரச்சினை மத்தியானம் எடுப்பதுதான். விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம், தரை சூடாவதற்கு முன்பு, அதே லென்ஸ் வேறு லென்ஸாக நடந்துகொள்ளும். தேனி ஊருக்குள்ளேயே இருக்கும் மீறுசமுத்திரம் கண்மாய் மாதிரி கரையோரம் நடக்கக்கூடிய நீர்நிலையில் காலை வேளையில் 400 எம்எம் செய்யும் வேலையை மத்தியான அணையில் 600 செய்யாது.

மேகமலை இன்னொரு உலகம். சின்னமனூரிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறும்போதே வெளிச்சம் குறையத் தொடங்கும். தேயிலைக்கு மேலே மஞ்சு இறங்கும். சோலைக்குள் கிளைகளுக்குக் கீழே வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி மாதிரி ஒரு பறவை தரையோரம் தத்தும். இங்கே ஒளி வயலில் இருந்ததில் அறுபத்து நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், சில சமயம் அதைவிடக் குறைவு. எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400இல் வயலில் 1/3200 கிடைத்ததே, இங்கே 1/50. ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் 1/400க்கு வரும். பறவை தலையைத் திருப்பாத நேரம் பார்த்து எடுக்கலாம். எஃப் 11 லென்ஸில் அதே கணக்கு 1/100. நடுக்கத்தடுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பறவை அசைந்துவிடும். ஆகவே எடை குறைந்த அந்த 600 எஃப் 11 பள்ளத்தாக்கு லென்ஸ், மலை லென்ஸ் இல்லை. லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே 1.4 மடங்கு கன்வர்ட்டர் போட்டு நீட்டலாமே என்பார்கள். போட்டால் ஒளி பாதியாகும், 2 மடங்கு போட்டால் கால்வாசி. இருட்டில் இருப்பவன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொள்ளக் கூடாது.

உண்மையைச் சொன்னால் சோலைக்குச் சல்லிசான லென்ஸ் என்று ஒன்று கிடையாது. நாற்பதாயிரத்தில் சமாளிக்கும் வழிகள்தான் உண்டு. பறவையைத் துரத்தாமல் வெளிச்சம் விழுகிற இடத்தைத் தேடி அங்கே நில்லுங்கள்: ஓடைத் திறப்பு, மரம் விழுந்து வானம் தெரியும் இடம், சாலை வளைவு. பழம் பழுத்த ஆலமரமோ அத்திமரமோ இருந்தால் இருவாச்சி உங்களைத் தேடி வரும், அதுவும் உச்சியில், வெளிச்சத்தில். இருவாச்சி பெரிய உருவம் என்பதால் 50 மீட்டரிலும் 400 எம்எம் போதும் என்று முன்பே பார்த்தோம். ரா ஃபைலில் எடுங்கள். 2023இல் லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸ் ஐஎஸ்ஓ 3200, 6400 படங்களின் குருணையை நன்றாகவே துடைக்கிறது. பழைய பாடிக்காரர்களுக்கு அது புது லென்ஸ் வாங்கியதற்குச் சமம், கம்ப்யூட்டர் மட்டும் கொஞ்சம் தெம்பாக இருக்க வேண்டும்.

மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாடும் இடத்தில் கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டு நிற்பது புத்திசாலித்தனமும் இல்லை.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணன் ஞாபகம் வராமல் இருக்காது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியைக் கடைசிவரை எழுதியவர். அவர் காட்டுக்குக் கொண்டுபோன கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று அவரே பெயர் வைத்திருந்தார். ஒரு கம்பெனியின் பாடி, வேறொரு கம்பெனியின் டெலி லென்ஸ், இடைவெளியை நிரப்ப அவர் கைவேலை. எடுத்தது கறுப்பு-வெள்ளை. நடந்தோ கும்கி யானை மேல் ஏறியோ விலங்கின் அருகே போய் எடுத்தார். ஆட்டோஃபோகஸ் இல்லை, நடுக்கத்தடுப்பு இல்லை, எடுத்ததை உடனே பார்க்கும் திரையும் இல்லை. அவருடைய படங்களில் தெரிவது விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டித் தெரிந்த ஒருவரின் கண். நாற்பதாயிரத்தை வைத்துக்கொண்டு தயங்குகிறவர்கள் அவர் படங்களைப் பார்த்தால் கொஞ்சம் தைரியம் வரும். லட்சங்களைக் கொட்டியவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரலாம்.

பழைய லென்ஸ் வாங்குவது எப்படி என்பதை மட்டும் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசு போவது இங்கேதான். நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று தெரிந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மலையோர ஊர்களில், மழைக்காலத்தில் பையிலேயே மூடிக்கிடந்த லென்ஸ்களில் இது சகஜம். முன் விளிம்பு நசுங்கியிருந்தால் கீழே விழுந்தது என்று அர்த்தம். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் ஜூம் தானே சரிந்து இறங்குகிறதா பாருங்கள். பெரிய ஜூம்களில் கொஞ்சம் சரிவது வழக்கம், அதை வைத்து விலையைக் குறைக்கலாம். பிறகு உங்கள் சொந்தப் பாடியில் மாட்டி, 400இல் வைத்து, கடைக்கு வெளியே தூரத்து போர்டு எழுத்தையும் பக்கத்து மரத்து இலையையும் மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்யுங்கள். தடுப்பை ஆன் செய்தால் வ்யூஃபைண்டரில் படம் மிதந்து நிற்க வேண்டும். படங்களை மெமரி கார்டில் எடுத்துக்கொண்டு வீட்டில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் மறுக்க மாட்டார். பில், பெட்டி, லென்ஸ் மேல் இருக்கும் சீரியல் எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

வாங்கிய பிறகு அதைத் தோல் பையிலோ பீரோவிலோ பூட்டி வைக்காதீர்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல் போதும். மேகமலையிலிருந்து ஈரத்தோடு வந்தால் துடைத்து, காற்றாட வைத்து, பிறகு டப்பாவில். ட்ரைபாட் உடனே வேண்டியதில்லை. மஞ்சப்பையில் பாதிக்கு உமி நிரப்பி வாயைத் தைத்துக்கொண்டால் கார் ஜன்னலிலும் வரப்பிலும் பாலத்துச் சுவரிலும் எந்த லென்ஸும் ஆடாமல் உட்காரும்.

கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் 250 மட்டும் இருப்பவருக்கு வருகிற முதல் சபலம் கூடுதான். அங்கே பறவை தப்பாமல் திரும்பி வரும், நெருங்க விடும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் 'வேட்டை' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் சேர்ந்தே இருக்கிறது. நீங்கள் ஒதுக்கிவிட்ட இலை வழியே காக்கைக்கும் வெயிலுக்கும் வழி திறந்துவிடும். போனில் குரலை ஓடவிட்டுப் பறவையை வரவழைப்பதும் எனக்கு உவப்பில்லை. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று அலையும் பறவையின் படம் அது.

தம்பியின் நாற்பதாயிரத்துக்கு வருவோம். மனம் நிலையாக இல்லையென்றால் பழைய 55-250 எஸ்டிஎம்மை வாங்கி, மீதிப் பணத்தை அப்படியே வைத்துவிட்டு, ஒரு உழவுப் பருவமும் ஒரு குளிர்காலமும் எடுக்கச் சொல்வேன். ஏற்கெனவே பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றால் பழைய 100-400 ஒன்றைத் தேடட்டும். எதுவானாலும் சில மாதம் கழித்து, சேர்ந்த படங்களில் வீணானவற்றைத் தனியாக எடுத்து ஒவ்வொன்றின் விவரத்தையும் கம்ப்யூட்டரில் பாருங்கள். எத்தனை எம்எம், என்ன ஷட்டர் என்று படத்தோடு பதிவாகியிருக்கும். 1/125, 1/60 என்று ஷட்டர் தாழ்ந்து வீணானதே அதிகம் என்றால் உங்களுக்கு வேண்டியது மில்லிமீட்டர் இல்லை, எஃப் எண் சின்ன லென்ஸோ புதிய பாடியோதான். ஷட்டர் நன்றாக இருந்தும் பறவை மட்டும் பொட்டாக இருந்தால், அதுவும் பெரும்பாலும் நீர்நிலைப் படங்களாக இருந்தால், 150-600ஐப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் உடனே வாங்க வேண்டாம். கல்யாணப் படக்காரர்களுக்கு லென்ஸ் வாடகைக்கு விடும் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு. ஒரு சனி, ஞாயிறுக்கு எடுத்து வந்து, அந்த இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் வைகை அணைக்கரையில் நடந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.